டாட் இன் யாருடையது? என் கடைப் பெயர் என் கையில் இல்லை

நேந்திரம் (நாகர்கோவில்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று தலைமுறையாக நேந்திரங்காய் வறுவல் போடுகிறோம். 2017-இல் கடைக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று, ஊரில் விசிட்டிங் கார்டும் பேனரும் அச்சடித்துக் கொடுக்கும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தோம். டாட் இன்னில் பெயர் வாங்கித் தளமும் அமைத்துக் கொடுத்தார். ஆண்டுதோறும் கேட்ட பணத்தைக் கொடுத்துவந்தோம்.

இப்போது அவர் தொழிலை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். தொலைபேசியை எடுப்பதில்லை. ஒரு பெயர் யார் பேரில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸ் பதிவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். பதிவுதாரர் நிறுவனம் என்ற வரியில் எங்கள் கடைப் பெயர் இல்லை, அவருடைய அச்சகத்தின் பெயர் இருக்கிறது. காலாவதியாக இன்னும் ஏழு வாரம்.

ஓணத்துக்கு அனுப்பும் ஆர்டர்களில் பாதி இந்தத் தளம் வழியாகத்தான் வருகிறது. யாரிடம் போய் முறையிடுவது? டாட் இன் அரசாங்கத்துடையதா, தனியாருடையதா? கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாமா என்று அப்பா கேட்கிறார்.

கம்பிவடம் (சென்னை) எழுதியது:

ஏழு வாரம் தாராளம், தம்பி. கலெக்டரை விட்டுவிடுங்கள்.

இதில் படிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே பதிவகம். டாட் இன்னுக்கு அது நிக்சி என்ற அமைப்பு. டாட் இன் என்று முடியும் எல்லாப் பெயர்களும் அடங்கிய மூலப் பட்டியல் அவர்கள் பொறுப்பு. பொதுமக்களுக்கு அவர்கள் நேரடியாக விற்பதில்லை. அதற்கென அங்கீகாரம் பெற்ற பதிவாளர் நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் அச்சகக்காரர் இந்த இரண்டிலும் சேரமாட்டார். பதிவாளரிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் மறுவிற்பனையாளர் அவர். நிக்சியின் பட்டியலைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் அவர்தான். நீங்கள் அதில் எங்குமே இல்லை. வாடகை நீங்கள் கொடுத்தீர்கள், ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கிறது.

அதே ஹூயிஸ் பக்கத்தில் பதிவாளர் என்று ஒரு வரி இருக்கும். அந்த நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். 2017 முதல் கட்டிய ரசீதுகள், வங்கிப் பரிமாற்றச் சான்று, ஜிஎஸ்டி சான்றிதழ், கடைப் பலகையின் புகைப்படம் எல்லாவற்றையும் இணையுங்கள். கேட்க வேண்டியவை இரண்டே. ஒன்று, பதிவுதாரர் பெயரை மாற்றுவது. இன்னொன்று, இபிபி கோடு. அந்தக் கோடு கிடைத்தால் பெயரை உங்கள் சொந்தக் கணக்குக்கு, வேண்டுமானால் வேறு பதிவாளரிடம்கூட, கொண்டுபோய்விடலாம். அச்சகக்காரருக்கும் ஒரு பதிவுத் தபால் அனுப்பிவையுங்கள். ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. இவர்களில் பலர் சோம்பலில்தான் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தங்கள் பெயரையே போட்டுவிடுகிறார்கள்.

குறுக்குக்கேள்வி (மதுரை) எழுதியது:

ஒரு வழக்கறிஞனாக ஒரு சொல். பதிவாளர் கைவிரித்தால் நிக்சியின் பிணக்குத் தீர்வு முறை இருக்கிறது. 2005 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு நடுவரை நியமிப்பார்கள், மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: பெயர் உங்கள் வணிகக்குறியைப் போலவே இருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அவர் தீய நோக்கத்தோடு பதிந்தார் அல்லது பயன்படுத்துகிறார். கட்டணம் உண்டு. வணிகக்குறி பதிவு செய்திருக்கிறீர்களா?

நேந்திரம் எழுதியது:

இல்லை, வக்கீல் சார். பாட்டனார் பெயரில்தான் கடை. அதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது.

பதிவாளருக்கு எழுதிவிட்டேன். ஆனால் என் முதல் கேள்விக்குப் பதில் வரவில்லையே. நிக்சி அரசா, இல்லையா?

குறுக்குக்கேள்வி எழுதியது:

கம்பெனி. 2003-இல் அன்றைய நிறுவனச் சட்டம் 25-ஆம் பிரிவின்கீழ் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவானது. ஆனால் பின்னால் நிற்பது மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். வசதியான ஏற்பாடுதான்: ஆணையிட அரசு, பதில் சொல்லக் கம்பெனி.

டாட் இன் முதலில் இவர்களிடம் இல்லை. 1989-இல் மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பெயர் வாங்குவது ரேஷன் கார்டு வாங்குவதைப் போல. 2004 முடியும்வரை மொத்தமே சுமார் 7,000 பெயர்கள்தான் பதிவாயின. 2005-இல் நிக்சியிடம் வந்து, பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகுதான் வேகம் பிடித்தது.

மின்மினி (கோவை) எழுதியது:

1989-இல் ஒப்படைத்தது யார்? இந்திய அரசா?

கம்பிவடம் எழுதியது:

அங்கேதான் கதையே இருக்கிறது, அம்மா. ஒப்படைத்தது எந்த அரசும் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த ஜான் போஸ்டெல் என்ற தாடிக்காரர் பொறுப்பில் இருந்த ஐயானா. எண்ணும் பெயரும் யாருக்கு எது என்று குறித்து வைக்கும் கணக்குப்பிள்ளை வேலை. ஒரு நாட்டிலிருந்து நம்பகமான ஒருவர், பெரும்பாலும் பல்கலைக்கழகக் கணினித் துறைக்காரர், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினால், சர்வர் ஒழுங்காக ஓடுமா என்று பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். பல அமைச்சகங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நானே தொண்ணூறுகளில் ஒரு கல்வி வலையமைப்பில் வேலை பார்த்தேன்; எங்கள் உயர் அதிகாரிக்கு டாட் இன் என்றால் என்ன என்று விளக்கவே ஒரு மதியம் ஆனது.

1994-இல் போஸ்டெல் எழுதிய ஆவணம் ஒன்று உண்டு. ஆர்எஃப்சி 1591 என்று சொன்னால் துறைக்காரர்களுக்குப் புரியும். சில பக்கங்கள்தான். நாட்டுக் குறியீட்டை நடத்துபவர் அதன் சொந்தக்காரர் இல்லை, அறங்காவலர். தன் நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் கடமைப்பட்டவர். உரிமை, சொத்து என்ற பேச்சே பொருந்தாது, பொறுப்பு, சேவை என்று பேசுங்கள் என்கிறார். கோயில் தர்மகர்த்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி அவரிடம் இருக்கும், சாமி அவருடையது இல்லை.

எது நாடு, எது நாடு இல்லை என்று முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை என்றும் அதில் ஒரு வரி எழுதிவைத்தார். நாடுகளுக்கான குறியீடுகளை வகுக்கும் ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியலில் ஈரெழுத்து இருந்தால் கொடுப்போம், இல்லையென்றால் இல்லை. சண்டையை வேறு வாசலுக்குத் தள்ளிவிட்ட கெட்டிக்காரத்தனம்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

தர்மகர்த்தா உவமை அழகாக இருக்கிறது. கோயில் நிலத்தைத் தன் பெயரில் பட்டா போட்டுக்கொண்ட தர்மகர்த்தாக்களின் வழக்குகளைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது, ஐயா.

நியுவே என்ற பசிபிக் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத நாடு. 1997-இல் அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவர் அதன் குறியீடான டாட் நுவை வாங்கிக்கொண்டார். 'நு' என்றால் ஸ்வீடிஷ் மொழியில் 'இப்போது'. ஸ்வீடன்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். 2013-இல் அதை இயக்கும் பொறுப்பும் ஸ்வீடனின் இணைய அறக்கட்டளைக்குப் போனது. எங்கள் பெயரை எங்களிடம் கொடுங்கள் என்று பல ஆண்டுகள் கேட்டுப் பார்த்த நியுவே அரசு, 2018-இல் ஸ்வீடனில் வழக்கே தொடுத்தது. போஸ்டெலின் அறம் அந்தத் தீவுக்கு என்ன செய்தது?

ஒரு நாட்டின் பெயர் அந்த நாட்டின் இறையாண்மையைச் சேர்ந்தது. கொடியை யாராவது அறக்கட்டளையிடம் ஒப்படைப்பார்களா?

யாழ்வாசகன் (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கள் பக்கத்துக் கதை உங்களுடையதற்கு நேர் எதிர். 1990-இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிஹான் டயஸ் டாட் எல்கேயைப் பெற்று நடத்தத் தொடங்கினார். பின்னர் அதற்கென்றே லாப நோக்கமற்ற ஒரு பதிவகம் உருவானது. அரச திணைக்களம் அல்ல. இடையில் எத்தனை ஆட்சிகள் வந்து போயின என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அத்தனையிலும் இந்தப் பட்டியல் அமைச்சர் மாறும்போதெல்லாம் கைமாறவில்லை. அது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் சுதந்திரமான பதிவகம் என்றால் பாதுகாப்பான பதிவகம் என்று பொருள் இல்லை. 2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. காலையில் கூகுளின் எல்கே முகவரியைத் திறந்தவர்களுக்கு நாட்டின் பிரச்சினைகளைப் பட்டியலிட்ட வேறொரு பக்கம் வந்தது. கூகுளின் கணினியை யாரும் உடைக்கவில்லை. சந்தியில் நிற்கும் வழிகாட்டிப் பலகையைத் திருப்பிவிட்டால் வீட்டுக்கதவைத் தொடாமலே விருந்தாளியை வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாம் அல்லவா, அதுதான் நடந்தது. பதிவகத்தின் பட்டியலில் இருந்த சில முகவரிகள் மாற்றப்பட்டிருந்தன.

எனவே யார் முதலாளி என்பதைவிடப் பலகையை இரவில் யார் காவல் காக்கிறார்கள் என்பதே என் கவலை.

கம்பிவடம் எழுதியது:

வக்கீல் ஐயா, நியுவேயை ஒப்புக்கொள்கிறேன். அது கறைதான். பிட்கெய்ர்ன் தீவிலும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அங்கே தீவுவாசிகளே கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். 2000-இல் அவர்கள் குறியீடு அவர்கள் கைக்கே திரும்பியது. மொத்த ஜனத்தொகை நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக் காணாது.

உங்கள் இறையாண்மை வாதத்துக்குத் தென்னாப்பிரிக்காவைச் சொல்கிறேன். மைக் லாரி என்பவர் பல ஆண்டுகளாக டாட் இசட்ஏவைக் கிட்டத்தட்டத் தனி ஆளாகப் பராமரித்துவந்தார். 2002-இல் அரசு ஒரு மின்னணுச் சட்டம் கொண்டுவந்து, அதன்படி ஒரு புதிய அமைப்பு இதை எடுத்துக்கொள்ளும் என்றது. தெரியாதவர்கள் கை வைத்தால் நாட்டின் இணையமே குலைந்துவிடும் என்று பயந்த லாரி, மூலக் கோப்பைக் கொண்டுபோய் நாட்டுக்கு வெளியே வைத்துவிட்டார். யோசித்துப் பாருங்கள், ஒரு நாட்டின் அத்தனை முகவரிகளும் அடங்கிய கோப்பு. அளவில் அது ஒன்றும் பிரமாதமில்லை. வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் அந்தப் பெயரைப் பற்றி எந்த சர்வரிடம் கேட்க வேண்டும் என்ற குறிப்பு, அடுத்த வரி. பார்த்தால் மளிகைக் கடைச் சிட்டை போலத்தான் இருக்கும். அதற்காக ஒரு நாடாளுமன்றமும் ஒரு தனி மனிதரும் மல்லுக்கு நின்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து முறைப்படி புதிய அமைப்பின் கைக்கு மாறியது. எதுவும் குலையவில்லை.

குறுக்குக்கேள்வி எழுதியது:

நீங்கள் சொன்ன கதையே என் கட்சிக்குச் சாட்சி. லாரியைத் தேர்ந்தெடுத்தது யார்? சட்டம் இயற்றியவர்களையாவது மக்கள் வாக்களித்து அனுப்பினார்கள்.

மின்மினி எழுதியது:

நடுவில் ஒரு சுயநலக் கேள்வி. எங்கள் நிறுவனத்தின் பெயர் டாட் ஐஓவில் இருக்கிறது. சாகோஸ் தீவுகளை பிரிட்டன் மொரீஷியசுக்குக் கொடுக்கப்போகிறது, அதனால் டாட் ஐஓ அழிந்துவிடும் என்று எங்கள் முதலீட்டாளர் பதறுகிறார். உண்மையா?

கம்பிவடம் எழுதியது:

நாளைக்கே இல்லை. போஸ்டெல் தள்ளிவிட்ட அந்த வாசலில்தான் உங்கள் பெயரும் நிற்கிறது. சாகோஸ் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்று ஒன்று ஐஎஸ்ஓ பட்டியலில் இருப்பதால்தான் டாட் ஐஓ இருக்கிறது. 2025 மே மாதம் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வந்து, அந்தப் பிரதேசமே இல்லாமல்போய், பட்டியலிலிருந்து எழுத்துகள் நீக்கப்பட்டால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டு அவகாசம். தக்க காரணம் காட்டினால் மொத்தம் பத்து ஆண்டுவரை நீட்டிக்கலாம்.

யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு அப்படித்தான் போனது, 2010 மார்ச்சில். அதில் இருந்தவர்கள் செர்பியாவின் டாட் ஆர்எஸ்ஸுக்கும் மாண்டினீக்ரோவின் டாட் எம்ஈக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆனால் சோவியத் ஒன்றியத்தின் டாட் எஸ்யு இருக்கிறதே, அந்த நாடு செத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்குப் புதுப் பெயர்கள் பதிந்துகொண்டே இருந்தார்கள். எல்லா விதிக்கும் ஒரு பிடிவாதக்காரக் கிழவர் உண்டு.

உங்கள் முதலீட்டாளரிடம் இதையும் சொல்லுங்கள்: டாட் ஐஓவை நடத்தும் கம்பெனியை 2017-இல் 7 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அந்தத் தீவுகளிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் இதில் எங்கள் பங்கு எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆண்டுக் கட்டணத்துக்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது.

மின்மினி எழுதியது:

இது தெரியாது. கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் நினைத்தால் ஒரு நாட்டையே இணையத்திலிருந்து துடைத்துவிடலாமா?

யாழ்வாசகன் எழுதியது:

2022-இல் உக்ரைன் அதைத்தான் கேட்டது. படையெடுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே, ரஷ்யாவின் டாட் ஆர்யுவை உலகக் குறியீடுகளின் மூலப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்று, அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஐகான் அமைப்புக்குக் கடிதம் எழுதியது. ஐகான் மறுத்துவிட்டது. தாங்கள் எந்தப் பக்கமும் சாராமல் இணையம் இயங்குவதை உறுதிசெய்பவர்கள், தண்டனை விதிப்பவர்கள் அல்லர் என்பது பதிலின் சாரம். போரில் நொந்தவர்களின் பக்கம்தான் என் மனம் நிற்கிறது. இருந்தும் அந்தப் பதில் சரி என்றே நினைக்கிறேன். இன்று ஒருவருக்காகத் திறந்த கதவு நாளை யாருக்காகத் திறக்கும் என்று எங்களைப் போன்றவர்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கம்பிவடம் எழுதியது:

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 அக்டோபர் 1 வரை மூலப் பட்டியலில் ஒரு சர்வர் பெயரை மாற்றினால்கூட அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் வேண்டும். டாட் இன்னுக்கும்தான். நம் இறையாண்மைக்கு வாஷிங்டனில் ஒரு குமாஸ்தா முத்திரை குத்திக்கொண்டிருந்தார், வக்கீல் ஐயா.

குறுக்குக்கேள்வி எழுதியது:

அதைத்தானே நானும் சொல்கிறேன். இன்னும் கேளுங்கள். டாட் இன்னை நடத்தும் கணினி ஏற்பாடு 2005 முதல் அஃபிலியாஸ் என்ற வெளிநாட்டு நிறுவனத்திடம் இருந்தது. 2019-இல் நியூஸ்டார். அடுத்த ஆண்டே நியூஸ்டாரின் அந்தப் பிரிவை கோடாடி வாங்கியது. 2024-இல் கனடாவின் டூகோஸைத் தேர்ந்தெடுத்தார்கள். கொடி நம்முடையது, கம்பம் வாடகைக்கு.

கம்பிவடம் எழுதியது:

வாடகைக்கு எடுப்பது தவறில்லை. மூன்று முறை கைமாறியும் உங்கள் தளமோ என் தளமோ ஒரு நாள் படுக்கவில்லையே. கொள்கை யார் வகுக்கிறார்கள் என்பதையும் இயந்திரத்தை யார் ஓட்டுகிறார்கள் என்பதையும் பிரித்து வைத்ததால்தான் ஓட்டுநரை மாற்ற முடிந்தது.

நல்லது நடந்த இடத்தில் அரசையும் பாராட்டிவிடுகிறேன். 2025-இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் பேங்க் டாட் இன் என்ற தனி வளாகத்துக்குள் வரச்சொல்லி அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. அந்தப் பெயரை ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றுதான் தரும். இனி போலி வங்கித் தளம் நடத்துபவன் கடைசி எழுத்துகளில் மாட்டிக்கொள்வான். அரசும் பதிவகமும் பேசிக்கொள்ளும் நாட்டில்தான் இது சாத்தியம்.

எனக்குப் பிடித்த முறை எது என்றால், ஜெர்மனி. டாட் டிஈயை நடத்துவது ஃபிராங்க்பர்ட்டில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கம். நம் பால் சொசைட்டி மாதிரி. பெயர் விற்கும் நிறுவனங்களே உறுப்பினர்கள். பிரிட்டனின் டாட் யுகேயை நடத்தும் நாமினெட்டும் உறுப்பினர் அமைப்புதான். அங்கே நிர்வாகிகள் சம்பளம் ஏறியது, கட்டணம் ஏறியது, தர்ம காரியத்துக்குக் கொடுப்பது குறைந்தது. 2021 மார்ச்சில் உறுப்பினர்கள் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டித் தலைவர் உட்படப் பல இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் தலைமை நிர்வாகி தானே விலகிவிட்டார். நான் அன்றைக்கு இரவு உட்கார்ந்து நேரலையில் முடிவுக்காகக் காத்திருந்தேன். வீட்டில் கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டார்கள்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

அந்த உறுப்பினர்களும் பெயர் விற்பவர்கள்தான், ஐயா. நம் நேந்திரம் தம்பியைப் போன்றவருக்கு ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஓட்டு இல்லை. பதிந்தவர் அச்சகக்காரர், ஓட்டு பதிவாளருக்கு, சாவி பதிவகத்துக்கு. வறுவல் போடுபவர் எந்தப் பேரேட்டில் இருக்கிறார்?

கம்பிவடம் எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியான இடத்தில் அடித்தீர்கள்.

யாழ்வாசகன் எழுதியது:

ஒரு கிளைச் செய்தி. உலகின் நாட்டுக் குறியீடுகளில் தமிழ் எழுத்திலேயே மூன்று இருக்கின்றன: .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா. 2010, 2011 வாக்கில் மூன்றுக்கும் அனுமதி கிடைத்தது. கணினி உள்ளுக்குள் அவற்றை எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்ட அர்த்தமற்ற எழுத்துக்கோவையாகத்தான் வைத்திருக்கும். என்னிடம் .இலங்கையில் ஒரு பெயர் இருக்கிறது. அதில் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டு கடவுச்சீட்டு, பரீட்சை, விமான டிக்கெட் என்று எந்தப் படிவத்தில் போட்டாலும் "சரியான முகவரியைத் தரவும்" என்று சிவப்பில் வருகிறது. சரியான முகவரியைத்தான் தந்திருக்கிறேன். பதிவகம் தன் வேலையைச் செய்துவிட்டது, படிவம் எழுதியவர்தான் உலகில் ஆங்கில எழுத்து மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

நேந்திரம் தம்பி, உங்கள் விஷயம் என்னவாயிற்று?

நேந்திரம் எழுதியது:

மன்னிக்கவும், பத்து நாளாகப் பழ மார்க்கெட்டும் கடையுமாக அலைச்சல். நீங்கள் எல்லோரும் தென்னாப்பிரிக்கா வரை போய்வந்திருக்கிறீர்கள்; இரண்டு இரவாக உட்கார்ந்து படித்தேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அந்தக் கோப்பை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனவர் செய்தது சரியா என்று அவருக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை.

பதிவாளர் நிறுவனம் முதலில் "எங்கள் வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ளவும்" என்று ஒரே வரியில் பதில் போட்டது. ரசீதுகளை மறுபடி அனுப்பி, கம்பிவடம் ஐயா சொன்னபடி இரண்டே கோரிக்கையை எண் போட்டு எழுதினேன். அதற்குள் பதிவுத் தபாலும் அச்சகக்காரர் கைக்குப் போயிருக்கிறது. நேற்று அவரே அழைத்தார். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையாம். என்னைப் போலவே இன்னும் நாற்பது கடைகளின் பெயர் அவர் கணக்கில் கிடக்கிறதாம். எது எப்போது காலாவதியாகும் என்று அவருக்கே தெரியவில்லை. கோபப்படலாம் என்று இருந்தேன், அவர் குரலைக் கேட்டதும் முடியவில்லை.

இன்று காலை இபிபி கோடு வந்தது. பெயரை எங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். ஹூயிஸ் பக்கத்தில் பதிவுதாரர் நிறுவனம் என்ற வரியில் இப்போது பாட்டனார் பெயர். அப்பா அதைச் செல்போனில் படம் பிடித்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். புதுப்பிக்க வேண்டிய தேதியை அடுப்புப் பக்கச் சுவரில், தேங்காய் எண்ணெய் டின் கணக்குக்குக் கீழே கரிக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறார்.

மற்ற நாற்பது பேருக்கும் எப்படித் தெரியப்படுத்துவது? பட்டியலை அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.

கம்பிவடம் எழுதியது:

வந்ததும் ஊர்வாரியாகப் பிரித்து இங்கே சொல்லுங்கள். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காலாவதி நெருங்கியவற்றை முதலில் பார்ப்போம். கடைக்காரர்களின் தொலைபேசி எண்களைப் பொதுவில் போட வேண்டாம்.